சங்குக்கு மிச்சமிருந்த மூச்சு

...காபியை வேண்டாம் என்பார் ஆபீசர், மேஸ்திரி சம்சாரம் விடமாட்டாள், அப்புறம் குடிப்பார், ஆறியிருந்தால் ஒரே மடக்கு, கொதித்தால் கால் மணி, பிறகு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, ஆகக்கூடி அரை மணி நேரம், அதற்குள் மூன்று மாடி ஏற முடியாதா என்ன, ஒரு காலத்தில் தண்ணீர்க் குடத்தோடு ஏறியவள்தானே... கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சங்கு முதல் படியில் காலை வைத்தாள். சங்கு என்பது பெற்றவர்கள் இட்ட பெயர் இல்லை, பஞ்சாலை இட்டது. ஆலைச் சங்கு ரிப்பேரானால் இவளைக் கேட்டில் நிறுத்திக் கத்தவிட்டால் போதும், ஷிப்டு மாறிவிடும் என்று ஒரு கேலி. அந்தச் சங்கு இப்போது மருமகளைக் கூப்பிட டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறது. அதனால்தானே வந்தது வினை. பத்து நிமிஷம் முன்னால் கீழ்வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் ஆபீசர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, மேஸ்திரி வீடு எந்த மாடி?" என்றார், கையில் ஃபைல், மேலாக இவள் போட்டோ ஒட்டிய மனு, பஞ்சுத் தூசியில் நுரையீரல் போனது, மாதாமாதம் உதவித்தொகை வேண்டும் என்று கேட்ட மனு, அது நான்தானய்யா என்று சொல்ல வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை, மூன்று விரலைக் காட்டினாள், அவரும் நன்றி சொல்லிவிட்டு, மனு நிஜமா என்று ஆலையில் இவளை வேலை வாங்கிய மேஸ்திரியிடம் விசாரிக்க ஏறிப் போனார். மரியாதை தெரிந்த ஆபீசர்தான், கண்தான் கொஞ்சம் மட்டு.

ஐந்து, ஆறு, ஏழு... நின்றுகொள். உதட்டைக் குவித்து ஊது, டாக்டரம்மா சொன்னபடி, சூடான பாலை ஊதுகிற மாதிரி. மேலே மேஸ்திரி என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்பது தெரிந்த கதைதான், போன மாதம் குழாயடியில் சொன்னது காற்றோடு இவள் ஜன்னலுக்கு வந்துவிட்டது, "அவளா? அவ பேக்கிங்ல இருந்தவ, தூசிய கண்ணால பாத்ததில்ல, அடுப்புப் புகையில வந்த இருமல் அது." பேக்கிங்காம்! பத்தொன்பது வருஷம் பஞ்சு மூட்டை, அந்தப் பேல் பிரிக்கிற அறையில், மூக்கைச் சிந்தினால் விளக்குக்குத் திரி போடலாம், அப்படி வேலை பார்த்தவள் பேக்கிங்காம். இருக்கட்டும், ஆபீசர் எதிரில் கேட்கிறேன், பாட்டனில் ஆரம்பித்து ஒவ்வொருவராக இறங்கி வருகிறேன், அரை மணி நேரம் நிறுத்தாமல், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி... ஒன்பதாம் படியில் பாட்டனை விட்டுவிட்டாள். முதல் மாடிக்கு வந்தபோது அவர் அப்பாவும் தப்பித்துவிட்டார்.

முதல் மாடியில் தையல்காரர் வீடு, வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்பு, அப்படியானால் அந்த அம்மா மறுபடியும் தங்கை வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. நடக்க முடியாதவளுக்குத்தான் ஊர்க்கதை எல்லாம் நடந்து வருகிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாள், உட்கார்ந்ததில் கால் சதை கரைந்தது, சதை போனதால் நாலடிக்கே இரண்டு மடங்கு மூச்சு வாங்குகிறது, டாக்டரம்மா இதைப் படம் போட்டுக் காட்டினாள், வட்டமாக ஒரு அம்பு, நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. சாப்பிட்டால் வயிறு நெஞ்சை முட்டுகிறது, அதனால் அரைச் சாப்பாடு, அரைச் சாப்பாட்டில் எலும்பு தெரிகிறது, போன மழைக்காலத்தில் ஒரு சாதாரண ஜலதோஷம் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டது. தலை வாரக் கை தூக்க முடியாமல் முடியைக் கத்தரித்துவிட்டாள், அதற்குத் தையல்காரர் சம்சாரம், "என்ன அக்கா, இந்த வயசுல ஸ்டைலு?" என்றாள். நுரையீரலில் ஆரம்பித்த வியாதி தலைமுடி வரைக்கும் போகும் என்று யாருக்குத் தெரியும்? மேஸ்திரிக்குத் தெரியும். தெரியட்டும். நாலு வாக்கியம் போதும் அவருக்கு, நறுக்கென்று நாலு.

பத்தொன்பது, இருபது... திங்கட்கிழமைதான் ஆலையில் கொடுமை. ஞாயிறு வீட்டில் நன்றாக இருக்கும் நெஞ்சு, திங்கட்கிழமை பஞ்சு அறைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்தில் கயிறு போட்டு இறுக்கும். "லீவுல தின்னுட்டுத் தூங்குனா அப்படித்தான், சோம்பேறி நெஞ்சு," என்பார் மேஸ்திரி, நாற்பது பெண்களும் சிரிப்பார்கள், இவளும்தான், இவள்தான் உரக்க. மாஸ்க் இருந்தது, இல்லாமல் என்ன, மரப்பெட்டியில் நாற்பது, பூட்டுப் போட்டு. போட்டுக்கொண்டால் வேலை மந்தமாகும் என்று மேஸ்திரி எடுக்க விடமாட்டார். சோதனை அதிகாரி வரும் நாளில்தான் பெட்டி திறக்கும். ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் இவளுக்கு இடம், வெள்ளை ஜீப் முக்கு திரும்பினதும் "பால் பொங்குது!" என்று ஒரு கத்து, மிஷின் சத்தத்தையெல்லாம் மீறி, அவ்வளவுதான், நாற்பது மாஸ்க்கும் நாற்பது மூக்கில். ஜீப் போனதும் மாஸ்க் பெட்டிக்குள், இவளுக்கு ஸ்பெஷல் டீ, "சங்கு இருக்கற வரைக்கும் நமக்கென்ன?" என்று ஒரு தட்டல் முதுகில். அந்த ஜன்னல் காற்று... காற்றுப் படாத பக்கத்து இடத்தில் இருந்த ஒல்லிக்காரி செத்து ஆறு வருஷம், சுவரோரம் இருந்த அக்கா தங்கை இருவரும் ஒரே வருஷத்தில், இவள் மட்டும் இன்னும் படி ஏறுகிறாள். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? இரண்டாம் மாடி. கண்ணுக்குள் பூச்சி பறந்தது, விரல் நகம் நாவல்பழ நிறம். நாலு வாக்கியம் வேண்டாம், ஒன்று போதும்.

மூன்றாம் மாடிக்குப் போகிற படிகளை உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினாள், பின்பக்கமாக, குழந்தை மாதிரி, நல்லவேளை பார்க்க இவளைப் போல ஒரு வம்புக்காரி அந்த மாடியில் இல்லை. மிச்சம் மூன்று சொல். இவன் பொய் சொல்றான். மூன்றையும் வாயில் அடக்கிக்கொண்டு கடைசிப் படிக்கு வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது, ஆபீசரின் ஷூ வாசலில், உள்ளே மேஸ்திரியின் குரல், கரகரப்பில்லாத நல்ல குரல். "இவங்க ஒருத்தர் மட்டுமில்ல சார், பதினாறு பேர் மனு போட்டிருக்காங்களாமே. நான் சொல்றத நம்பவே வேணாம். சோதனை ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க. ஒன்பது தடவ சொல்லாம கொள்ளாம வந்தாங்க, ஒன்பது தடவையும் நாப்பது பேர் மூஞ்சியிலயும் மாஸ்க்!"

"ஒன்பது தடவையுமா?" என்றார் ஆபீசர், பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

ஒன்பது. சங்கு சுவரில் சாய்ந்துகொண்டாள். இவன் பொய் சொல்றான்... எங்கே பொய், ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துப் பொய் இல்லை, மாஸ்க் இருந்தது, மூஞ்சியில் இருந்தது, ஜீப்பிலிருந்து இறங்கியவன் கண்ணால் பார்த்து எழுதினான். பதினாறு பேர் வாயையும் அடைக்கிற அந்த ஒன்பது தாளையும் எழுதிக் கொடுத்தது யார்? மேஸ்திரியின் கையா, இவள் தொண்டையா? அவரைக் குத்த வேண்டுமென்றால் கத்தி முதலில் இவளுக்குள் புகுந்துதான் போக வேண்டும், வேறு வழியே வைக்கவில்லை பாவி... சரி, புகட்டும். அதற்காகவாவது அந்த ஆள் முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும். கதவைத் தள்ளினாள்.

"ஐயோ அக்கா! நீங்க எப்படி ஏறி வந்தீங்க, உக்காருங்க முதல்ல," என்று மேஸ்திரி சம்சாரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆபீசர் இவளைப் பார்த்தார், மனுவிலிருந்த போட்டோவைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார். "அடடா... கீழ நீங்கதானா?"

"நான்... தான்... கத்துவேன்."

"கத்துவீங்களா? எப்பம்மா? என்ன கத்துவீங்க?"

மேஸ்திரியின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அந்த முகம்! ஐம்பத்து நாலு படிக்கும் அது ஒன்று போதும், தித்தித்தது, வயிறு வரை இறங்கியது. ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது, ஜீப், பெட்டி, பூட்டு, பால், எல்லாம் சேர்ந்து பத்து மூச்சாவது ஆகும், ஆபீசர் பேனாவோடு காத்திருந்தார், மேஸ்திரி இவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கும் அப்படித்தான், ஜீப் முக்கு திரும்புகிற நேரத்தில் அவரும் நாற்பது பெண்களும் இவள் வாயையே பார்த்துக்கொண்டு... டீக்காகவா கத்தினோம்? ஜன்னல் காற்றுக்காகவா? இல்லை, இந்தப் பார்வைக்காகத்தானா? சங்கு உதட்டைக் குவித்து ஊதினாள், மூச்சு வருகிற வரைக்கும் எல்லோரும் காத்திருக்கட்டும் என்று இருந்தது, அது அவ்வளவு சீக்கிரம் வந்துவிட வேண்டாம் என்றும் இருந்தது.