எந்தப் பக்கம் சுற்றுவது

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். ஆளை விடு."

பதில் சொல்கிற தூக்கம் பாதித் தூக்கம்தான். சின்னவள் தன் கட்டிலிலிருந்து இறங்கி அக்காவின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். பதினாறு வயது. பல்லியைப் பார்த்தால் அலறுவாள். கணக்கு வாத்தியார் கூப்பிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தும்மிவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்கிற ரகம். அதனால் வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர்.

"நான் ஒண்ணு திருடிட்டேன்க்கா."

அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "யாரு, நீயா? எலி திருடுச்சா? என்னத்தைடி?"

சின்னவள் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்டமான தகர டப்பா ஒன்றை இழுத்தாள். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது.

"அடிப்பாவி! ரெண்டு நாளா என்னமோ செத்து நாறுதேன்னு உன் சாக்ஸைத் திட்டிட்டிருந்தேன். என்னது இது, பழசாகிப் புளிச்ச படச்சுருளா? அம்மா ஆபீசுதா?"

அம்மாவுக்கு ஒரு படக்காப்பகத்தில் வேலை. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ எடுத்த பழைய படங்கள் அங்கே கூரை தொட அடுக்கிக் கிடக்கும். இரவல் போய்த் திரும்பும் சுருள்களைக் கையால் திருப்பிச் சுற்றி டப்பாவில் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது அம்மாவின் பாடு. பள்ளிக்கூடம் விட்டதும் சின்னவள் அங்கேதான் போய்ப் படிப்பாள். போன வாரம் மேலாளர், இடம் போதவில்லை என்று பழையதைக் கழிக்க ஆரம்பித்தார். டப்பாவைத் திறப்பார், சுருளின் வெளிநுனியை, கையால் சுற்றிப் படம் பார்க்கிற பார்வைப்பெட்டியில் மாட்டி நாலு சுற்று சுற்றுவார், தீர்ப்புச் சொல்வார். அம்மா எழுதுவாள்.

"பேர்ச்சீட்டு கிழிஞ்ச டப்பா நாலு இருந்துச்சுக்கா. ஒரே படம். ஒண்ணை மட்டும் மாட்டிப் பாத்துட்டு, நாலுக்கும் சேத்து 'பழுது, தலைகீழா ஓடுது'ன்னு எழுதச் சொல்லிட்டார். நாளைக்குக் காலைல லாரி வருது. பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துட்டுப் போயி, மருந்துல கழுவி, அதுல இருக்கிற வெள்ளியை மட்டும் எடுத்துக்குவாராம்."

"ஓடாத படத்தைக் கழுவுனா உனக்கென்ன?"

"ஓடுதுக்கா! அதான் விஷயமே." சின்னவளின் குரல் கீச்சென்று ஏறி, அம்மா படுத்திருக்கும் அறையை நினைத்து இறங்கியது. "அம்மா சாப்பிடப் போனப்ப அவர் பாத்த அதே சுருளை நானும் சும்மா மாட்டிப் பாத்தேன். தலைகீழாத்தான் தெரிஞ்சுது. ஆனா தரையில கொட்டிக் கிடக்கிற தண்ணி தானா எந்திரிச்சு வாளிக்குள்ள போவுது. தண்ணி எங்கயாவது அப்படிப் போகுமா? அப்பத்தான் புரிஞ்சுது. கடைசியா எந்த ஊர்லயோ ஓட்டினவங்க திருப்பிச் சுத்தாம அப்படியே டப்பால போட்டு அனுப்பிட்டாங்க. இரவல் போறதெல்லாம் பாதி அப்படித்தான் வரும், அம்மா சுத்தி வைப்பாங்க. இது அம்மா மேசைக்கே வரல. சார் படத்தோட வாலைப் பிடிச்சுட்டு, தலை எங்கன்னு கேட்டிருக்கார்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, சுத்திப் பாத்தியா?"

"பாத்தேன்."

சொல்லும்போது சின்னவளுக்குப் பயம் கொஞ்சம் மறந்துபோனது. பேச்சில்லாத படம். நடுநடுவே வருகிற எழுத்து எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. பாட்டில் கழுவுகிற தொழிற்சாலை. நீளத் தொட்டி, இரண்டு பக்கமும் பெண்கள், எல்லோருக்கும் முழங்கை வரை நுரை. ஒருத்திக்குக் கையில் கண்ணாடி கிழிக்கிறது. மேஸ்திரி அவள் கையைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்க்கிறான். உடனே ஓரத்தில் நிற்கிற சின்னப் பெண் ஒருத்தி தன் வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள்.

"கத்தலை, அழலை. சும்மா உக்காருறாக்கா. அப்புறம் பக்கத்துல இருக்கிறவ. அப்புறம் அடுத்தவ. ஒவ்வொருத்தரா எல்லாரும். மேஸ்திரி மட்டும் மரம் மாதிரி நிக்கிறான். சார் பாத்தது அதைத்தான், பின்னாலேருந்து. அவருக்கு எல்லாரும் எந்திரிச்சு வேலைக்குப் போற மாதிரி தெரிஞ்சிருக்கும்."

அக்கா தையல் ஆலையில் காலர் தைக்கிறவள். போன மாதம் ஊசி ஏறிய கட்டைவிரலில் இன்னும் நகம் முளைக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"அப்புறம்? முதலாளி வந்தானா? என்ன ஆச்சு அதுங்களுக்கு?"

"கதவு திறக்குது. அதோட சுருள் முடிஞ்சுது. மிச்சம் அந்த மூணு டப்பால இருக்கு. அதுக்குள்ள காலடிச் சத்தம் கேட்டுச்சு. பயத்துல இதைப் பைக்குள்ள போட்டுட்டேன். நானும் ஊர்ல உள்ள படப் பட்டியலெல்லாம் தேடிட்டேன்க்கா, இந்தக் கதையில ஒரு படம்னு ஒரு வரி கிடையாது. வேற எங்கயும் இது இல்லன்னா? நாளைக்கு ஒரு டப்பா குறைஞ்சா அம்மா தலையில விடியும். திருப்பிக் கொடுத்தா கழுவிருவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அக்கா டப்பாவை மூடி அவள் மடியிலேயே வைத்தாள். "பயப்படு. யாரு வேணாம்னா? பயந்துக்கிட்டே போய்ச் சொல்லு. அந்த மேஸ்திரிப்பயலுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்கு இனிமே தூக்கம் வராது."

காலையில் காப்பகத்தின் பின்வாசலில் லாரி நின்றது. டப்பாக்கள் ஏறி முடிந்திருந்தன. மேலாளர் பதிவேட்டை இரண்டாம் முறையாகப் புரட்டினார். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா இது? நீங்க எழுதினது. ஒண்ணு எங்க போச்சு?"

"என்கிட்ட இருக்கு சார்."

வாசற்படியில் சின்னவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. இது பழுது இல்ல சார். வால்பக்கம் மாட்டிப் பாத்துட்டீங்க. இப்ப சுத்தி வச்சிருக்கேன், ஒரு தடவை பாருங்க."

லாரி மேல் நின்ற கடைக்காரர் களுக்கென்று சிரித்தார். மேலாளரின் காது சிவந்தது.

"இருபது வருஷமா இதுல இருக்கேன். எனக்குத் தலை எது வால் எதுன்னு நீ சொல்றியா? கையெழுத்துப் போட்டாச்சு. கொடு அதை. வழியை விட்டுத் தள்ளி நில்லு, லாரி கிளம்பணும்."

"மாட்டேன் சார்."

சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகம். ஓடிவிடத்தான் கால் துடித்தது. அவள் லாரிக்கு முன்னால் போய், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உங்க பொண்ணை எந்திரிக்கச் சொல்லுங்க!"

அம்மா மகளைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் நடுங்குகிற பிள்ளை இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நகரவில்லை. அம்மா பேனாவை மூடிப் பதிவேட்டுக்குள் செருகினாள்.

"எனக்கும் காலைலேருந்து முட்டி வலி சார்," என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் காதோரம், "வீட்டுக்கு வா, முதுகுத்தோலை உரிக்கிறேன்," என்றாள்.

கடைக்காரர் கீழே குதித்தார். "ஆளு மேல ஏத்தச் சொல்லுவீங்களா சார்? நம்மால ஆகாது. பாத்துட்டுத்தான் சொல்லுங்களேன், நான் என்ன ஓடியா போறேன்?" தன் கோணிப்பையை மடித்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். "பாப்பா, சண்டைப் படமா?"

"ஆமா," என்றாள் சின்னவள்.

மேலாளர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். யாரும் எழுகிற மாதிரித் தெரியவில்லை. கடைசியில் கையை நீட்டினார்.

"சரி, கொடு. எந்தப் பக்கம் சுத்தணும்?"

சின்னவள் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"முதல்ல அந்த மூணையும் லாரியிலேருந்து இறக்கச் சொல்லுங்க சார். அப்புறம் சொல்றேன்."