பூட்டுக்கு வெளியே இருந்த படங்கள்

கடவுச்சொல் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதனின் விலா எலும்புகள் வந்து நின்றன. அவள் இன்னும் லாகின் செய்யவே இல்லை. வேறு ஏதோ பிழை தேடப் போய், ஒரு எக்ஸ்ரே படத்தின் முகவரியைப் பிரவுசரின் புது ஜன்னலில் ஒட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். முகவரியின் கடைசியில் இருந்த 41-ஐ 42 ஆக்கினாள். வேறொரு ஆளின் நெஞ்சு. 43. இன்னொருவர். தூசி படிந்த இடத்தைச் சுற்றி டாக்டர் போட்ட வட்டம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

கல்குவாரி ஆட்களுக்கு நுரையீரல் பார்க்கிற ஒரு மருத்துவமனைக்காக அவள் ஜாவா மொழியில் எழுதிக் கட்டிய இணையதளம் அது. படத்தை அந்தந்தத் தொழிலாளியும் டாக்டரும் மட்டுமே பார்க்கலாம். குவாரி ஆபீஸ் ஆள் பட்டியலை ஏற்றலாம், படத்தைத் தொடக் கூடாது. சர்வரில் கோப்பு வைக்க இரண்டு இடம் உண்டு. உள்ளறையில் இருப்பதை அது நேராக யாருக்கும் நீட்டாது. அவள் எழுதிய நிரல் வந்த ஆள் யாரென்று பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கும். வெளியறை என்பது லோகோ, பொத்தான் மாதிரி எவன் பார்த்தாலும் குடிமுழுகாத சாமான்களுக்கு. மருத்துவமனைக்காரர்களுக்குச் செய்து காட்டிய அன்று படங்கள் முக்கி முனகித் திறந்தன. மானம் போகிறதே என்று எக்ஸ்ரே ஃபோல்டரை அப்படியே தூக்கி வெளியறையில் போட்டாள். பளிச்சென்று வந்தன. கைதட்டினார்கள். ‘டெமோ முடிந்ததும் மாற்ற வேண்டும்’ என்று நிரலுக்குள் குறிப்பும் எழுதினாள். மூன்று வாரம் ஓடிவிட்டது. பக்கங்களுக்கெல்லாம் பூட்டு இருந்தது, படங்களுக்கு இல்லை. படங்களுக்கு அவள் வைத்த பெயரோ, தொழிலாளியின் டோக்கன் நம்பர்.

அப்பா ஒரு குவாரியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். அண்ணன் இன்றைக்கும் இந்தப் படங்களில் இருக்கிறவர்களோடுதான் கல் உடைக்கிறான், டோக்கன் 207. நெஞ்சில் நிழல் விழுந்த ஆளைக் குவாரிக்காரன் வைத்துக்கொள்ள மாட்டான். நாளைக்குச் செத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று இன்றைக்கே கழித்துவிடுவான். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். நேற்று மாலை மூன்று பத்துக்கு ஒரு கணினி 207-ஐப் பார்த்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்து அதே கணினி, 1. பிறகு 2, 3, 4 என்று வரிசை பிசகாமல் 318 வரை. ஆள் பட்டியல் ஏற்றுகிற குவாரி ஆபீஸ் கணினி அது. ஆனால் முதலில் ஏன் 207?

அவள் டீம் லீடருக்கு ஆபீசில் ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர். அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

“சார், எக்ஸ்ரே எல்லாம் பூட்டு இல்லாமக் கெடக்கு.”

“அத எவன் பாக்கப் போறான்? நாளைக்கு நிதானமா…”

“பாத்துட்டாங்க சார். முந்நூத்திப் பதினெட்டும்.”

டீக் கோப்பை பாதி வழியில் நின்றது. “யாரு வெளிய வெச்சது?”

“நான்தான்.”

“ஏம்மா, வேற ஆளே கெடைக்கலியா என் தலையில கல்லப் போட?” என்றவர் அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “போ, மொதல்ல உள்ள தூக்கி வை. ஆஸ்பத்திரிக்கு நான் பேசறேன்.”

ஃபோல்டரை உள்ளறைக்கு நகர்த்தி, நிரலைத் திருத்தி, சர்வரில் ஏற்றுவதற்குள் இரண்டு முறை தப்பாக அடித்தாள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அண்ணன்.

“என்னண்ணே, வேலை நேரத்துல?”

“வேலை எங்க? ஒரு நாப்பது பேரத் தனியா நிக்க வெச்சிருக்காங்க. கனம் தூக்காத வேலைக்கு மாத்தப் போறாங்களாம். இனிமே உங்க அண்ணிக்கு என் முதுகுல தைலம் தேய்க்கிற வேலை மிச்சம்.” சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

“அண்ணே, உன் படத்த யாருக்காவது காட்டுனியா?”

“மேஸ்திரிக்குத்தான். நேத்து ஆபீஸ்ல அவரு கம்ப்யூட்டர்லயே தெறந்து காட்டுனேன். என் தங்கச்சி பண்ணது, எப்படிப் பளிச்சுன்னு வருது பாருங்கன்னேன். மனுசன் வாயப் பொளந்துட்டாரு. அந்தக் கீபோர்ட இழுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் விடவே இல்லயே!”

“அண்ணே, அவங்க எதுல கையெழுத்துக் கேட்டாலும் போட்றாத. அந்தப் படம்…”

“இரு இரு, நம்பர் கூப்புடுறாங்க. வெச்சுடாத, இதோ வந்துர்றேன்.”

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான். துணி உரசுகிற சத்தம்.

“நான்தாண்ணே வெளிய வெச்சேன்,” என்றாள். பைக்குள் கேட்டிருக்காது.

ஏறி முடிந்தது என்று திரை சொன்னது. கை தன்பாட்டில் முகவரியை அடித்து, கடைசியில் 207 போட்டது. படம் வரவில்லை. பெயர், கடவுச்சொல் என்று இரண்டு வெற்றுக் கட்டங்கள் வந்து நின்றன. முதல் கட்டத்தில் கோடு மின்னி மின்னி மறைந்தது. போனுக்குள் தூரத்தில் யாரோ நூத்தித் தொண்ணூத்தெட்டு என்றார்கள். பிறகு இருநூத்தி மூணு. அவள் காதோடு ஒட்டினாற்போல, அண்ணன் இருமினான்.