சிப்பி குடித்த தண்ணீர்

1

இந்தக் கதை எங்கள் மேயர் கேட்டுப் பிறந்தது. "நகராட்சி மலருக்கு ஒரு அழகான கதை எழுதிக் குடுங்க. சிப்பி வளர்க்கிற ஜனங்க, கடல், அந்தி வானம்... அந்த மாதிரி" என்றார். பிரான்சின் பிரெத்தான் கரையில் சிப்பி வளர்கிற வலைப்பைகளைப் புரட்டிப் போடுகிற என்னிடம் கதை கேட்டால் ஆசை வராதா? தலையாட்டிவிட்டேன். அப்போது மழை தொடங்கவில்லை.

முதல் தொடக்கம்: "அந்தி வானம் சிவந்திருந்தது. ஆர்மெல் கடலையே பார்த்தபடி தனியாக

(அடித்துவிட்டேன். என் முதலாளி ஆர்மெல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்று நான் கண்டதே இல்லை. குனிந்து நின்றுதான் கண்டிருக்கிறேன். கடல் வற்றிக் கிடக்கிற கொஞ்ச நேரத்துக்குள் எல்லாப் பைகளையும் புரட்டியாக வேண்டும். வானமாம் வானம்!)

2

சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பேய்மழை. மேட்டில் புதிதாக முளைத்த விடுமுறை வீடுகளின் கழிவுநீர், குழாயை மீறி எங்கள் கடலில் இறங்கியது.* ஆர்மெல்லின் சிப்பியைத் தின்றவர்களுக்கு வாந்தி, பேதி. விற்பனைக்குத் தடை. நாங்கள் வருஷம் முழுக்க உழைப்பதே கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சிப்பி விற்கிற அந்த ஒரு வார வியாபாரத்துக்குத்தான்.

மேயர் கொட்டகைக்கு வந்தார்.

"குழாய்ல ஒரு குறையும் இல்ல, ஆர்மெல். சிப்பி கழுவி வைக்கிற உன் தொட்டிதான் அழுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சந்தையில உன் கடையைத் திரும்பப் போட்டுக்கலாம். இல்லன்னா கடைய மறந்துடு."

"ஏன் தியெரி, மேட்டு வீட்டுக்காரன் பேண்டதுக்கு நான் கால் கழுவணுமா?"

"மரியாதையாப் பேசு."

"ஒரே பெஞ்சுல படிச்ச மரியாதையிலதான் கேக்கறேன். சொல்லு."

(மேயரைக் கெட்டவராக்கிவிட்டேனா? மனுஷர் கெட்டவர் இல்லை. அந்த வீடுகளுக்கு அனுமதி கொடுத்தவர், அவ்வளவுதான்.)

* சுற்றியுள்ள தண்ணீரை இழுத்து வடிகட்டித்தான் சிப்பி வாழ்கிறது. தண்ணீரில் இருப்பது அதன் வயிற்றிலும் இருக்கும். இது தெரியாதவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை, மேயர் உட்பட.

3

இதுவரை எழுதியதை ஆர்மெல்லிடம் படித்துக் காட்டினேன்.

"அப்புறம்?"

"மேயர் குடுத்த புத்தாண்டு விருந்துல நீ அழறதா முடிக்கலாம்னு..."

"அடிப் பாவி! நான் எங்கடி அழுதேன்? நீயும் அங்கதானே நின்ன?"

"கதைக்கு ஒரு உருக்கம் வேணாமா?"

"கதையாவது கத்திரிக்காயாவது! என்னை அழ வெச்சா படிக்கறவங்க 'அய்யோ பாவம்'னுட்டு குழாயை மறந்துடுவாங்க."

ஆகவே அழுகை முடிவு தள்ளுபடி. அவள் ஊரை விட்டுப் போகிற முடிவையும் யோசித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவே இல்லை. அவள் கையில் சிப்பி பிளக்கிற கத்தி இருந்தது.

4

விருந்துக்கு முந்தின நாளும் மழை. விருந்தன்று ஊர் மண்டபத்தில் எங்கள் சிப்பி இருக்க வேண்டிய மேசையில் யாரோ வேற்றூர்க்காரரின் சிப்பி. ஆர்மெல் சேற்றுப் பூட்ஸோடு உள்ளே வந்தாள். தன் பைகளுக்கு அடியிலிருந்து அள்ளி வந்த கடல் தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி மேயர் முன்னால் வைத்தாள்.

"என் சிப்பி நாள் பூரா இதைத்தான் குடிக்குது. குழாய்ல குறையில்லன்னியே, குடி தியெரி. நீ குடிச்சா, என் தொட்டிதான் அழுக்குன்னு இங்கேயே, இத்தனை பேர் முன்னால சொல்றேன். கடையையும் நானே மறந்துடறேன்."

மேயர் குவளையைப் பார்த்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். மெதுவாக அவர் கை

(இங்கே நிறுத்திவிட்டேன். தெரியாமல் இல்லை, பக்கத்தில்தான் நின்றேன். மிச்சத்தை எழுதினால் அவரைப் பார்த்துச் சிரிப்பீர்கள், இல்லை அவளுக்குக் கைதட்டுவீர்கள், அத்தோடு தூங்கப் போய்விடுவீர்கள். விடமாட்டேன்.)

முடிவு வேண்டுமா? மேயரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குவளை எதிரே இருக்கிறது. ஆர்மெல் நகரமாட்டாள், கடல் மறுபடி வற்றும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை.

குடியுங்கள்.