எல்லம்மாவின் பிரேதம்

“எல்லம்மா பூட்டாங்கமா” என்று வார்டு ஆயா வந்து சொன்னபோது, எல்லம்மா வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே செத்துப்போனவள் அவள் தங்கை மஞ்சு.

இந்தக் கூத்து தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. சுண்ணாம்புக்குளத்துக்கு ஆதார் எடுக்க வந்தபோது எல்லம்மாவின் பத்து விரலையும் மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவளுக்கு ரேகை எங்கே மிச்சமிருக்கும்? சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள், எண்ணெய் தடவச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. முகாமுக்கு அன்றுதான் கடைசி நாள். கார்டு இல்லாவிட்டால் அரிசி கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. மஞ்சு துணிக்கடை வேலைக்குப் போனவள், தண்ணீரில் இறங்காதவள்.

“நீ எய்ந்துரு யக்கா, நான் குந்திக்கிறேன். எனக்கு அடுத்த முகாம்ல எடுத்துக்கலாம், இன்னா இப்போ?”

எல்லம்மா என்ற பெயருக்கு மஞ்சு தன் முகத்தையும் கண்ணையும் விரலையும் கொடுத்துவிட்டு எழுந்தாள். அவசரத்தில் இருந்த முகாம்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதன்பிறகு மஞ்சு தனக்கென்று போன இடத்திலெல்லாம், இந்த விரல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மெஷினைக் குறை சொல்ல முடியாது, அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. அவள் பெயர் இருந்த ஓட்டு அட்டையும் ஒரு புயலில் போய்விட்டது. வேறு கேட்டால் ஆதார் கொண்டுவா என்றார்கள். அக்காவின் ரேஷனுக்கு மாதாமாதம் விரல் வைத்தவள் அவள்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போன வாரம் மூச்சுத் திணறலோடு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, காப்பீட்டுக்கு விரலை வைத்ததும் எல்லம்மா என்று வந்தது. கட்டிலும் கிடைத்தது.

ஆபீஸ் அறையில் இருந்தவரிடம் எல்லம்மா உண்மையைச் சொன்னாள். “சார், நான்தான் எல்லம்மா. செத்தது என் தங்கச்சி மஞ்சு. அவ பேரை எய்திக் குடுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை வெளியில சொல்லாதம்மா. சொன்னா நான் போலீசுக்கு எழுதணும். ஆள் மாத்தி கார்டு எடுத்ததுக்குக் கேசு வரும், பாடி எப்போ வரும்னு சொல்ல முடியாது. மஞ்சுனு ஒருத்தங்க இருந்ததுக்கு உங்கிட்ட ஒரு காகிதமாவது இருக்கா?”

இல்லை. ஊரில் மஞ்சுவின் மகள் திரௌபதி, அம்மாவின் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தாள். காகிதத்தில் பார்த்தால் அந்தப் பெண்ணின் வீட்டில் இன்று சாவே இல்லை. தங்கைக்குச் சொந்தமாக ஒரு சாவுகூட இல்லாமல் செய்துவிட்டோமே என்று எல்லம்மா நினைத்துக்கொண்டாள்.

“எல்லம்மான்னே எய்திக்கோங்க சார்.”

அவர் எழுதினார். “பாடிய வாங்குறவங்க பேரு?”

அவளுக்கென்று இருந்த ஒரே பெயரில் மை இன்னும் காயவில்லை.

“மஞ்சு” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உறவு என்ற இடத்தில் தங்கை என்று அவராகவே போட்டுக்கொண்டார்.

வெள்ளைத் துணி சுற்றிய உடலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கால் கட்டைவிரலில் ஒரு அட்டை கட்டியிருந்தது. வண்டி தள்ளியவர் கையிலிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, வராந்தாவில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

“மஞ்சு யாரும்மா இங்க? மஞ்சு!”

எல்லம்மா கையைத் தூக்கினாள்.