அந்த அமெரிக்கக்காரியும் என் வீட்டுக்காரரும்

செத்துப் போய் எத்தனையோ காலமான ஒருத்தி மேல் எனக்குப் பொறாமை. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் புருஷன் ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னொருத்தியிடம் மனசைக் கொட்டி, அதை நீங்களே வார்த்தை பிசகாமல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டி வந்தால் அப்புறம் தெரியும் சேதி.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பட்டம் இருந்தால்தான் சூப்பர்வைசர் ஆக்குவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதனால் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே விருப்பப் பாடம் என்று ஒன்று எடுத்தாக வேண்டும். இவருடைய ஷிப்டுக்கு ஒத்துவந்த வகுப்பு ஒன்றுதான் இருந்தது, அமெரிக்கச் சிறுகதைகள். "கதைதானே, படிச்சாப் போச்சு" என்றார். படித்தால் மட்டும் போதாதாம். வாராவாரம் ஒரு கதையைப் பற்றியும் அதை எழுதியவரைப் பற்றியும் எதிர்வினை என்று ஒன்று எழுதித் தர வேண்டுமாம்.

இவர் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். டைப் அடிக்கச் சொன்னால் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் துழாவுவார். நானோ வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வக்கீல் மூச்சு விடுவதற்குள் ஒரு பாரா அடித்துவிடுவேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பது என்று ஏற்பாடு. அவருக்குச் சும்மா உட்கார்ந்து பேச வராது. அந்த வாரத்துச் சட்டைகளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, இஸ்திரி போட்டுக்கொண்டேதான் பேசுவார். என் முதுகு அவர் பக்கம் இருக்கும். அவர் கண் சட்டைக் காலர் மேல் இருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் ஒரே அறையில் பேச்சும் காதுமாக இருந்ததே இல்லை.

முதலில் வந்த ஆசிரியர்கள் எல்லாம் ஆண்கள். ஒருவர் குடிகாரர், ஒருவர் ஊர் ஊராகச் சுற்றியவர், ஒருவர் சண்டைக்குப் போய் வந்தவர். இவரும் கடமைக்கு நாலு வரி சொல்வார். "கதை நன்றாக இருந்தது. குளிர் அதிகம்" என்று ஒருநாள் முடித்துவிட்டார். "வானிலை அறிக்கையா வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லாமல் காலம் போனது.

அப்புறம்தான் அந்த மகராசி வந்து சேர்ந்தாள். புத்தகத்தில் அவள் கதைகள் வரிசையாக இருந்தன. கூடவே ஒரு படம். கழுத்து வரை பட்டன் போட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நேரே பார்க்கிறாள். அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. அழகியாக இருந்தால் ஆம்பளை புத்தி என்று விட்டிருப்பேன்.

முதல் வாரம் கதைச் சுருக்கம், ஆசிரியர் வாழ்க்கை எல்லாம் வழக்கம் போலச் சொன்னார். முடிந்தது என்று நான் கையை எடுக்கப் போனேன். இஸ்திரிப் பெட்டி நின்றது. பிறகு வேறு குரலில், "இந்தம்மா இருட்டைப் பத்தி எழுதியிருக்கிறது நிஜம். எனக்கும் சின்ன வயசுல இருட்டுன்னா பயம். இப்பவும் லிப்ட் குழிக்குள்ள இறங்கறப்போ மொதல்ல கண்ணை மூடிக்குவேன். அப்பத்தான் அந்த இருட்டு நானா பண்ணினதுன்னு ஆயிடும்" என்றார்.

அடித்தேன். அடித்துவிட்டு யோசித்தேன். இந்த மனுஷன் பயப்படுவார் என்றே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறு வாரமும் இப்படியேதான் நடந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் குரல் மாறும், "இந்தம்மா" என்று ஆரம்பிப்பார். அவர் அப்பாவிடம் வாங்கிய அடி வந்தது. பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகாமல் தெருத் தெருவாகச் சுற்றியது வந்தது. எல்லாம் அவளுக்கு. என்னிடம் இந்த மனுஷன் பேசியது "உப்பு கம்மி", "சாவி எங்க", இவ்வளவுதான். ஆபீசில் ஒரு மனுவில் மனுதாரர் என்று அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அந்தம்மா என்று அடித்து வைத்திருக்கிறேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

அவர் வேலைக்குப் போயிருந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்து அவள் கதையைப் படித்தேன். மட்டமாக இருக்கும் என்று நம்பித்தான் படித்தேன். நன்றாக இருந்தது. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக வந்தது சரக்கு அறைக் கதை. வீடு நிறைய விருந்தாளிகள். வீட்டுக்காரி எதையோ எடுக்கப் போகிற மாதிரி சரக்கு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிடுகிறாள். வெளியே அவளைத் தேடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. முதல் பக்கத்தை முடித்துவிட்டு இவர் சொன்னார்:

"இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்னு தெரியல. எங்க குழந்தை வயித்துல ஏழாம் மாசத்துலயே போன மறுநாள் நான் வேலைக்குப் போனேன். ஒரு பெரிய கட்டடம். லிப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நானே நிறுத்திட்டு உள்ள உட்கார்ந்துட்டேன். மேலயும் கீழயும் கதவைத் தட்டினாங்க. ரிப்பேர்னு சொல்லிட்டேன். ரிப்பேர் இல்ல. அழுதுட்டிருந்தேன்."

என் கை நின்றுவிட்டது.

அந்த மறுநாளை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இவர் வந்து நின்றார். "எனக்கு வேலை இருக்கு, போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். கல்லு, நிஜமாகவே கல்லு என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் இத்தனை வருஷம் சோறு போட்டேன். கல்லுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அதை எனக்குக் காட்டாமல் எவளோ ஒருத்திக்கு எடுத்துக் காட்டுகிறார்.

"இனிமே நீங்களே அடிச்சுக்குங்க" என்றேன். "நான் உங்களுக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா இல்ல."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. விரல் வலிக்குது."

அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். "சரி" என்றார். சட்டையை மடித்து வைத்தார். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியே போட வேண்டும் போலிருந்தது.

கோபம் வந்தால் எனக்குக் கால் நிற்காது. அந்த வாரமே ஒருநாள் ஆபீசிலிருந்து நேரே கல்லூரிக்குப் போனேன். அன்று இவருக்கு வகுப்பு இல்லை. பேராசிரியை தன் அறையில் காகிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். யார் என்று சொல்லிக்கொண்டேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"உங்க பாடத்துக்கு எங்க வீட்டுக் கதை எதுக்குங்க? யார் எங்க அழுதாங்கன்னெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? அதுக்கெல்லாம் மார்க் போடுவீங்களா?"

அவர் விழித்தார். "நான் அப்படி எதுவும் கேட்டதில்லையே. ஒரு பக்கம்தான் கேட்டிருக்கேன். கதைச் சுருக்கம், ஆசிரியர் குறிப்பு, பிடிச்ச இடம் ஒண்ணு. அவ்வளவுதான்."

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் பிரித்தார். எல்லாம் நான் அடித்தது. வாரத்துக்கு ஒரு பக்கம். புரட்டிப் பார்த்தேன். இருட்டு இல்லை. அப்பாவின் அடி இல்லை. கடைசியில் சரக்கு அறைக் கதை இருந்தது. அதிலும் மாவு மூட்டையோடு பக்கம் முடிந்திருந்தது. லிப்ட் இல்லை.

"ரெண்டாவது பக்கம் எங்க?"

"உங்க வீட்டுக்காரர் ஒரு பக்கத்துக்கு மேல தந்ததே இல்லைங்க" என்றார் பேராசிரியை. தயங்கிவிட்டு, "நானே அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். தப்பில்லாம எழுதறார். ஆனா மனசு ஒட்டாம எழுதறார்" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பேராசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. படி இறங்கி, தெருவைத் தாண்டி, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தேன். ஒட்டவில்லையாம் மனசு. எப்படி ஒட்டும்? அந்த அமெரிக்கக்காரிக்குப் போனது கதைச் சுருக்கம். மற்றதெல்லாம் எனக்கு வந்தது. நேரே சொல்ல வாய் வராமல், பாடம் என்று சொல்லி, அவளைச் சாக்கு வைத்து, என் முதுகைப் பார்த்து இந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். நான் போய் விரல் வலிக்கிறது என்றிருக்கிறேன்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து போனை வாய்க்கு நேரே பிடித்திருந்தார். "இத்துடன் கதை முடிகிறது. முற்றுப்புள்ளி" என்றார் போனிடம்.

"என்ன பண்றீங்க?"

"எதிர்வினை. நாம பேசினா இதுவே அடிச்சுக்குதாம். கூட வேலை பாக்கறவர் காட்டினார். பாரு, அஞ்சு நிமிஷத்துல ஒரு பக்கம்." பெருமையாக நீட்டினார். "இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல."

போனைப் பார்த்தேன். எழுத்துப் பிழைகூட அதிகம் இல்லை.

"ரெண்டாவது பக்கம்?"

"எந்த ரெண்டாவது பக்கம்?"

"கல்லூரிக்குப் போய் உங்க டீச்சரைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. போனைக் கவிழ்த்து வைத்தார். திருடிப் பிடிபட்டவர் போலத் தரையைப் பார்த்தார். "அதையெல்லாம் போன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டைப் அடிக்க எதுவும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு லிப்டுக்குள்ள அவ்வளவு நேரம் அழுதுட்டே இருந்தீங்களா?"

"கொஞ்ச நேரம் அழுதேன்."

"அப்புறம்?"

அவர் என்னைப் பார்த்தார். "பேர் வச்சேன்" என்றார். "பேர் இல்லாமப் போயிடுச்சேன்னு இருந்துது. உள்ளயே உட்கார்ந்து யோசிச்சு ஒண்ணு வச்சேன். அதுக்கப்புறம்தான் லிப்டை ஓட விட்டேன்."

என்ன பேர் என்று கேட்டேன். சொன்னார். ஒரு தடவை சொன்னார், நான் கேட்டதற்காக இன்னொரு தடவையும் சொன்னார்.

அது என்ன பேர் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த அமெரிக்கக்காரிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.