அரை நாள் சீனியர்

பாடை கட்டியாயிற்று என்று கண்ணாயிரம் மறுபடியும் வந்து சொன்னபோதும் ரேவதி எழுந்திருக்கவில்லை. கணவர் ராமகிருஷ்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் நெற்றியிலிருந்து நழுவிய நாணயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கண்ணாயிரம் அவளுடைய தம்பி. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் ஆட்களோடு வந்து இறங்கியதிலிருந்து சாவு வீட்டுப் பொறுப்பையெல்லாம் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அவன் அவசரத்திலும் நியாயம் இருந்தது. அன்று பௌர்ணமி. பொழுது சாய்ந்தால் கிரிவலக் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சுடுகாட்டுச் சாலையையும் போலீஸ் அடைத்துவிடும்.

"ஜனம் சேர ஆரம்பிச்சிடுச்சுக்கா. யாருக்காகக் காத்துனு இருக்கற?"

"தசரதன் அண்ணன் வரட்டும்."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லிப் பல வருஷம் ஆகிறது.

ராமகிருஷ்ணனும் தசரதனும் வேங்கிக்காலுக்கு அப்பால் இருக்கும் பல்கலைக்கழக முதுநிலை மையத்தில் தாவரவியல் ஆசிரியர்கள். ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் வந்திறங்கி வேலையில் சேர்ந்தவர்கள். தசரதனுக்கு அன்று நல்ல பசி. சாப்பிட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்று ஓட்டலுக்குப் போனார். ராமகிருஷ்ணனுக்கும் பசிதான். ஆனாலும் முதலில் கையெழுத்து என்று நின்றுவிட்டார். இவர் சேர்ந்தது முற்பகல், அவர் சேர்ந்தது பிற்பகல். ஆபீஸ் கணக்கில் இவர் சீனியர், அவர் ஜூனியர். இளவயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேவதி வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டபடி இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

பிறகு மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்குப் புதிதாக யாரையும் போடவில்லை. கௌரவ விரிவுரையாளர்கள் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போனார்கள். நிரந்தரம் என்று மிஞ்சியது நரைத்த தலையோடு இவர்கள் இரண்டு பேர்தான். துறைத்தலைவர் பதவி ராமகிருஷ்ணனுக்கு வந்தது. அந்த அரை நாள் வித்தியாசம் தசரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சு நின்றது. வீட்டுக்கு வருவதும் நின்றது.

ராமகிருஷ்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விட ஆரம்பித்தார். சுற்றிப் போக வேறு ஆள் கிடையாது. இவர் மேஜையிலிருந்து கிளம்பி எதிர் மேஜைக்குப் போகும், 'பார்த்தேன்' என்ற கையெழுத்தோடு திரும்பி வரும். இதை ராத்திரி சாப்பிடும்போது பெருமையாக வேறு சொல்வார். படித்த கழுதைகள் என்று ரேவதி இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள்.

வருகிற மே மாதத்தோடு இருவருக்கும் ஓய்வு. போன வாரம்தான் ராமகிருஷ்ணன் சொன்னார். "மே மாசம் முடியட்டும். அப்புறம் எவன் சீனியர், எவன் ஜூனியர்? நானே போய் அவனக் கூட்டினு வரேன். நீ குழம்பு வை."

இன்று காலை குளித்து, இட்லி சாப்பிட்டு, மையத்துக்குக் கிளம்ப ஒரு காலில் சாக்ஸ் மாட்டியவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். படுக்கையில் விழவில்லை, வலியில் துடிக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு அது ரேவதிக்கு ஆறுதலாகவே இருந்தது. நல்ல மனிதரோடு நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறாள். குறை என்று பார்த்தால் இந்த மே மாதம் ஒன்றுதான்.

மகன் இளவரசன் காலையிலேயே தசரதனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டான். சரி என்றாராம், அவ்வளவுதான். வாசலில் யாரோ பேசிக்கொண்டது ரேவதியின் காதிலும் விழுந்தது. இன்றிலிருந்து தசரதன்தான் தலைவர், இனி அவர் எதற்கு இங்கே வரப்போகிறார் என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. இளவரசன் வந்து அவள் தோளைத் தொட்டான். அவள் கணவரின் நெற்றி நாணயத்தை இன்னொரு தடவை சரிசெய்தாள்.

"சரி, எடுங்க," என்றாள்.

குளிப்பாட்டிப் புதுவேட்டி சுற்றினார்கள். உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடிக்கும் நேரத்தில் கேட்டருகே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வீடு இருக்கும் அடி அண்ணாமலையில் ஆட்டோ கிடைக்காமல், கிரிவலம் போகும் கூட்டத்துக்கு எதிராகவே நடந்து வந்திருக்கிறார். பௌர்ணமியன்று எதிர்த்திசையில் நடப்பதென்றால் ஆயிரம் பேரிடம் இடிபட வேண்டும். உள்ளே வரலாமா என்று தெரியாதவர் போலத் தசரதன் தயங்கினார்.

"வாங்கண்ணா," என்றாள் ரேவதி.

வந்தார். நண்பரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எடுத்த அரிசியில் பாதி கீழே சிந்தியது.

"மே மாசம் உங்களக் கூட்டினு வரேன்னு சொல்லினு இருந்தாரு."

தசரதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா, அழுகையா என்று தெரியவில்லை.

"நானும் மே மாசத்ததாம்மா எண்ணினு இருந்தேன்," என்றார்.

ரேவதி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அழுததெல்லாம் வேறு, இது வேறு. அழுது முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

தூக்கும் நேரத்தில் கண்ணாயிரம் மரியாதையாக, துறைத்தலைவரான தசரதன் முன்பக்கம் தோள் கொடுக்க வேண்டும் என்றான். அவரோ பின்பக்கம் போய் மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டார். குள்ளமான மனிதர். அவர் பக்கம் பாடை கொஞ்சம் சாய்ந்தது. நெருப்புச் சட்டியோடு இளவரசன் முன்னால் நடந்தான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பெரிய சாலையில் கிரிவலம் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், சிலர் கைகூப்பினார்கள். வாட்டசாட்டமான உறவுக்காரப் பையன் ஒருவன் ஓடிப்போய், தான் தூக்குவதாகத் தசரதனிடம் கை நீட்டியது ரேவதிக்குத் தெரிந்தது.

தசரதன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தோளை மட்டும் மாற்றிக்கொண்டு நடந்தார்.