நஃபீஸா செய்த பொய் வானம்

1

இந்தக் கதையை நஃபீஸாதான் எனக்குச் சொன்னாள், புத்தளம் பஸ் நிலையத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது. எழுதச் சொல்லவில்லை. மூன்று முறை தொடங்கிக் கைவிட்டேன். ஒன்று இப்படி: 'பிரபஞ்சம் பிறந்தபோது கிளம்பிய வெளிச்சம் இன்னமும் நம்மேல்' – வேண்டாம், பாடப்புத்தக வாடை அடிக்கிறது. நஃபீஸாவின் கடலோர ஊரான குறிஞ்சிப்பிட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

2

போர் முடிந்து சில வருடங்கள். நஃபீஸாவின் அண்ணன் ஆகிப் நானா மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. போட்டின் உடைந்த துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. இறந்தவர் உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாவைத் தொழுதுவிடலாம் என்றார்கள் ஊரார். அவருடைய மனைவி அலீமா மறுத்தாள்.

"மவுத்தான மனிசன் கூப்புடுவாரா?"

அவர் கூப்பிட்டது பழைய டீவிப் பெட்டியிலிருந்து. எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும், இரைச்சல் வரும். அதன் முன்னால் பாயில் பகலெல்லாம் இருந்தாள் அலீமா. சோறு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிரபஞ்சத்தின் அந்த ஆதி வெளிச்சத்தையே ஆராய்ந்துகொண்டிருந்த நஃபீஸாவை உம்மா வரவழைத்தார். "நீ சொன்னாக் கேப்பா. வெளங்கப்படுத்து."

(அலீமாவைப் பைத்தியமாகக் காட்டிய ஒரு பக்கம் இங்கே இருந்தது. கிழித்துவிட்டேன். அவள் தெளிவாகத்தான் இருந்தாள்.)

3

"அந்த இரைச்சல்ல நூத்துல ஒரு பங்கு, நட்சத்திரமே இல்லாத காலத்து வெளிச்சம், மச்சி" என்றாள் நஃபீஸா, அண்ணன் மனைவியிடம்.

"அல்லாஹ் படைச்ச வெளிச்சம்தானே? அதுல அவர் இரிந்தா என்ன?"

நஃபீஸா மடிக்கணினியைத் திறந்தாள்.

(கொஞ்சம் பொறுங்கள், இது தேவை. அந்த வெளிச்சம் வானமெங்கும் ஏறக்குறைய ஒரே குளிர். லட்சத்தில் ஒரு பங்குதான் கூடிக் குறையும். அதில் ஓரிடம் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால், அர்த்தமுள்ளதா தற்செயலா? ஒப்பிட இன்னொரு வானம் கிடையாது. ஆகவே அதே ஏற்ற இறக்கக் கணக்கில், குலுக்கிப் போட்டாற்போன்ற எழுந்தமான எண்களால், கணினியில் பொய் வானங்கள் செய்வார்கள். அவற்றிலும் அப்படியொரு குளிர் அடிக்கடி தென்பட்டால் அது வெறும் தற்செயல்.)

நஃபீஸாவும் அதேபோலப் பொய் இரைச்சல்கள் செய்தாள். அவற்றிலும் அலீமாவுக்கு நானாவின் குரல் கேட்டால், அது காதின் வேலை என்று காட்டிவிடலாம்.

4

அஸர் தொழுகைக்கு முந்திய பிற்பகல் வெயில். வெளியே காற்று மணலை வாரிக் கதவில் அடித்தது. அலீமா ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இல்ல." அடுத்தது. "இதுலயும் இல்ல." பிறகு ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுல இரிக்காரு."

நஃபீஸாவுக்கு மூச்சு வந்தது. "மச்சி, அது நான் செஞ்சது. அதுல வானமும் இல்ல, நானாவும் இல்ல."

"ஓம். அதான் என்னைக் கூப்புடல்ல." அலீமா கண்ணைத் திறந்தாள். "ஒன்னத்தான் கூப்புடுறாரு, புள்ள."

5

அலீமா எழுந்து டீவியின் வயரைப் பிடுங்கினாள். "இனித் தொழச் சொல்லுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தொழுதார்கள். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா இருந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். படிப்பு வென்றது என்று உம்மா சந்தோஷப்பட்டார்.

நஃபீஸாவுக்கு நிம்மதி இல்லை. ஒருமுறை கேட்டது சான்றாகாது, திரும்பச் சோதிக்க வேண்டும். "இன்னொருக்காக் கேளுங்க, மச்சி" என்று கெஞ்சினாள்.

"என்னட்ட இப்ப அவர் இல்ல. நீ கேளு."

6

முடிவு ஒன்று: நஃபீஸா கேட்கிறாள், வெறும் இரைச்சல், அழுகிறாள். எதற்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நஃபீஸா கேட்கிறாள். இரைச்சலுக்குள் இருந்து

இதற்கு மேல் என் கை ஓடவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: அவள் அந்தப் பொய் இரைச்சலைக் கேட்கவில்லை, அழிக்கவும் இல்லை. எனக்கு அனுப்பிவைத்தாள். "ஒங்களுக்கு நானாவத் தெரியாது. ஒங்கட காது பொய் சொல்லாது."

ஆனால் கதையை எழுத எழுத எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. நான் இனிச் சாட்சியாக முடியாது. உங்களிடம் தரலாம் என்றால், நீங்களும் இதுவரை வாசித்துவிட்டீர்கள்.

இருந்தாலும் தருகிறேன். கேட்பதும் விடுவதும் உங்கள் பாடு. கேட்டால், அது யாரைக் கூப்பிட்டது என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.